ஏற மட்டும் பழகிய தொடை

"சார், அம்மா மலைப்படியிலயே உக்காந்துட்டாங்க. எறங்க முடியல. நீங்கதான சரியாயிடுச்சின்னு சொன்னீங்க?"

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்த போன் இது. பேசியது கோவிந்தம்மாவின் மகன் முரளி. திருத்தணியில் முப்பத்தோரு வருடம் பிசியோதெரபி பார்த்து ஓய்ந்துவிட்டேன். இப்போது இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகள் நல்ல கேஸாக நாலு எழுதித் தரச் சொல்கிறார்கள். நல்ல கேஸை எழுத நிறைய பேர் இருக்கிறார்கள். நான் கோட்டை விட்ட கேஸை எழுதுகிறேன்.

1. நாலு சென்டிமீட்டர்

கோவிந்தம்மாவுக்கு அறுபத்துமூன்று வயது. வீட்டிலேயே தரையில் குழி வெட்டி, அதில் காலை இறக்கி உட்காரும் குழித்தறி போட்டுச் சேலை நெய்பவர். புருஷன் போன பிறகு தனியாக இருந்தார். ஈர வாசலில் வழுக்கி விழுந்து முட்டிச் சில்லு விரிசல் விட்டு, ஆறு வாரம் மாவுக்கட்டு. கட்டைப் பிரித்து என்னிடம் அனுப்பினார்கள்.

சில்லுக்குப் பத்து சென்டிமீட்டர் மேலே டேப்பைச் சுற்றினேன். நல்ல காலைவிட நாலு சென்டிமீட்டர் குறைவு. தொடையின் முன்பக்கத்தில் குவாட்ரிசெப்ஸ் என்று நாலு தசைகள். ஒன்று இடுப்பெலும்பிலிருந்து புறப்பட்டு வரும், மற்ற மூன்றும் தொடையெலும்பிலேயே பிடித்திருக்கும். நாலும் கீழே ஒன்றாகச் சேர்ந்து, முட்டிச் சில்லைத் தாண்டிப் போய் முன்னங்கால் எலும்பைப் பிடித்துக்கொள்ளும். முட்டிக்குச் சற்று மேலே உள்பக்கமாகப் புடைத்துத் தெரிவது வாஸ்டஸ் மீடியாலிஸ். அவருக்கு அந்த இடம் குழி விழுந்திருந்தது.

முரளிக்கு அம்பத்தூரில் கம்பெனி வேலை. முதல் நாளே சொல்லிவிட்டான்.

"அம்மாவ இனிமே தனியா வுட முடியாது சார். வூட்ட பூட்டிட்டு என்னோட கூட்டினு போயிடறேன்."

"நான் எங்கியும் வரல நைனா. தறி கீது, வூடு கீது. அங்க வந்து செவுத்த பாத்துகினு உக்காரச் சொல்றியா?"

இரண்டு பேரும் என் முகத்தைப் பார்த்தார்கள். நான் பெரிய மனுஷன் மாதிரி தீர்ப்பு சொன்னேன். "மூணு மாசம் குடுங்க. முருகன் கோயில் மலைப்படி முந்நூத்தறுபத்தஞ்சும் ஏறிட்டாங்கன்னா தனியா இருக்கட்டும்."

முரளி ஒத்துக்கொண்டான். அதுதான் என் வழக்கம். கால் கேஸ் யார் வந்தாலும் கடைசியில் மலை ஏறச் சொல்வேன். "ஏறிட்டேன் சார்" என்று பிரசாதத்தோடு வந்து நிற்பார்கள், கேஸை முடித்துவிடுவேன். எப்படி இறங்கினீர்கள் என்று ஒருவரையும் கேட்டதில்லை.

2. கை கொடுத்தது

திங்கள், புதன், வெள்ளி பதினோரு மணிக்கு வருவார். முட்டிக்கு அடியில் துண்டைச் சுருட்டி வைத்து அழுத்துவது, காலை நீட்டியபடியே தூக்குவது, பிறகு மரப்பெட்டி மேல் ஏறி இறங்குவது. செய்துகொண்டே பேசுவார். தறியில் எந்தப் பாவில் எத்தனை இழை அறுந்தது, பக்கத்து வீட்டுக்காரி ஏன் பேசுவதில்லை, எல்லாம்.

எனக்குக் கல்யாணம் தள்ளிக்கொண்டே போய், பிறகு யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. சனி, ஞாயிறில் பால்காரரிடம் பேசுவதோடு சரி. சொல்ல வெட்கமாக இருக்கிறது, திங்கட்கிழமைக்காகக் காத்திருந்தேன். வெந்நீர் ஒத்தடம் தேவைப்படாத நாளிலும் வைத்தேன்.

பெட்டி மேல் தானாகவே ஏறுவார். இறங்கும்போது நான் கை கொடுப்பேன். வயதானவர், மரியாதை என்று நினைத்தேன். ஒரு நாள்கூட அந்தக் கையை எடுத்துப் பார்க்கவில்லை. மூன்று மாதத்தில் இரண்டு தொடைக்கும் ஒரு சென்டிமீட்டர் வித்தியாசம்தான் மிச்சம் என்று டேப் காட்டியது. "மலை ஏறுங்கம்மா" என்றேன்.

3. நாற்பதாவது படி

முரளியின் போன் வந்ததும் ஆட்டோவில் மலைக்குப் போய், மேலிருந்து படியில் இறங்கினேன். நாற்பதாவது படியில் ஓரமாக உட்கார்ந்திருந்தார். ஏறும்போது மூன்றே இடத்தில்தான் நின்றாராம். சாமி பார்த்துவிட்டு, பஸ்ஸில் போகலாம் என்று முரளி கூப்பிட்டதற்கு, "ஏறினவளுக்கு எறங்கத் தெரியாதா?" என்று படிக்கே வந்திருக்கிறார். மூன்று முறை முட்டி மடங்கியிருக்கிறது. மூன்றாவது முறை மகன் பிடித்திராவிட்டால் உருண்டிருப்பார்.

"இன்னா சார் ஆச்சி என் காலுக்கு?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஏறும்போது குவாட்ரிசெப்ஸ் சுருங்கி உடம்பை மேலே தள்ளுகிறது. இறங்கும்போது அதே தசை நீண்டுகொண்டே போக வேண்டும், அந்த நேரத்தில் முழு எடையையும் பிடித்து மெதுவாக விட வேண்டும். அது தனிப் பழக்கம். அந்தப் பாதி வேலையை மூன்று மாதமும் என் கை செய்திருக்கிறது. என் பழைய பேஷண்டுகள் எல்லாரும் பஸ்ஸில் இறங்கியிருப்பார்கள்.

"தப்பு என்னுது முரளி. இன்னும் ஒரு மாசம் குடு."

"தறிக் குழியில தெனம் எறங்கி ஏறணும் சார். ஒரு நாளு வுழுந்து கெடந்தா யாரு வந்து பாப்பாங்க? நீங்களே சொல்லுங்க." அவன் கண் கலங்கியிருந்தது. அந்த வாரமே அம்மாவை அம்பத்தூருக்குக் கூட்டிப்போய்விட்டான்.

4. அம்பத்தூர்

இரண்டு மாதம் பொறுத்தேன். பிறகு டேப்பை எடுத்துக்கொண்டு ரயில் ஏறினேன். மூன்றாவது மாடி, லிப்ட் இருக்கிறது, நடக்கவே தேவையில்லை. தொடை மறுபடி இளைத்திருந்தது. அடுத்த இரண்டு மாதம் ஞாயிறுதோறும் போனேன். அந்த வீட்டுப் படிக்கட்டில், என் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு, இறங்க மட்டும் பழக்கினேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மூன்று மாடியும் தனியாக இறங்கினார். கீழே முரளி நின்றிருந்தான்.

"எறங்கிட்டேன் நைனா. இப்ப போலாமா?"

முரளி தலையைக் குனிந்துகொண்டான். "தறிய போன மாசமே பிரிச்சி வித்தாச்சிம்மா. திருத்தணி வூட்டுல ஆளு குடி வச்சாச்சி."

பிள்ளைகளே, பேஷண்டை இறங்கச் சொல்லிப் பாருங்கள். இறங்கும்போது உங்கள் கை அவர் மேல் இருக்கக் கூடாது. எனக்கு இது தெரியவர, ஒருத்தருக்கு வீடு போனது.

அன்று ஸ்டேஷனுக்குக் கிளம்பியபோது வாசல் கேட்டிலேயே கோவிந்தம்மாவிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் அதைக் காதில் வாங்கவில்லை.

"நீயும் தனியாதான கீற சார்? ஒன்ன யாராச்சும் படி ஏறிக் காட்டுன்னாங்களா?"

"கேக்க ஆளு இல்லம்மா."

"சரி. வூட்டுக்குப் போயி எனக்கு ஒரு போன் போடு. போய்ச் சேந்தியான்னு தெரியணும்."

பூட்டைத் திறந்து உள்ளே போனதும், விளக்கைக்கூடப் போடாமல் போன் செய்தேன்.