வேகம் கூட்டுமுன் ஒரு மணி நேரம்

எங்கள் தொழிலில் முதலில் வேலைக்கு வருவது காது. கண்ணும் கையும் பிறகுதான். நான் படித்த கல்லூரியின் இயற்பியல் கூடத்து மூலையில் ஒரு மின்மாற்றி இருந்தது. குமிழைத் திருகத் திருக அதன் முனகல் கனத்துக்கொண்டே போகும். ஓர் அளவைத் தாண்டினால், பஜனையில் சுருதி தெரியாத ஒருவர் வந்து உட்கார்ந்ததுபோல் ஒரு பிசிறு தட்டும். அந்தப் பிசிறு கேட்டதும் கையை எடுத்துவிட வேண்டும். ஐம்பது வருடம் ஆயிற்று. கணவர் போனார், வீடு அமைதியாயிற்று, எத்தனையோ குரல்கள் ஒவ்வொன்றாக மங்கிப்போயின. அந்த முனகல் மட்டும் காதில் தங்கிவிட்டது. எழுபத்திரண்டு வயதில் எனக்கு வேலையில் கைகொடுப்பதும் அதுதான்.

கேம் ஆடுவதற்கென்று வாங்கும் கம்ப்யூட்டரின் ப்ராசசரை, செய்தவர்கள் குறித்த வேகத்துக்கு மேலே ஓட வைப்பதற்கு ஓவர்கிளாக் என்று பெயர். அப்படிக் கூட்டுவதற்கு முன், ப்ராசசர் எவ்வளவு சூடாகிறது, அதற்கு எவ்வளவு வோல்ட் போகிறது என்று பார்த்துக் குறித்துக் கொடுப்பவள் நான். மே மாதத்தில் மடியில் லேப்டாப்பை வைத்துத் தொடையைச் சுட்டுக்கொண்டவர்களே, மேஜை விசிறியைக் கம்ப்யூட்டர் பெட்டிப் பக்கம் திருப்பிவிட்டு வியர்வையில் உட்கார்ந்திருந்தவர்களே, நம்மைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

அடுப்பில் வைத்த பால்

கடை தாராவியில், நைன்ட்டி ஃபீட் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு சந்தில். முதலாளி காதருக்குப் பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம். பிறந்து வளர்ந்தது எல்லாம் இங்கேதான். மாட்டுங்காவில் என் வீட்டுக்குப் பழைய கம்ப்யூட்டரைப் பழுது பார்க்க வந்தார். கல்லூரி ஆய்வுக்கூடத்தில் முப்பது வருடம் மாணவர்களை அளவெடுக்கப் பழக்கியவள் நான் என்று தெரிந்ததும், "சும்மா இருக்கதுக்குக் கடைக்கு வாங்களேன் டீச்சர்" என்றார். என்னை வா என்று கூப்பிடும் இடங்கள் அப்போது மிகவும் குறைந்துபோயிருந்தன. மறுநாளே போய்விட்டேன்.

வேலை எளிது. ப்ராசசருக்கு முழு வேலையும் கொடுத்து ஓடவிட்டு, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை சூட்டையும் வோல்ட்டையும் நோட்டில் எழுத வேண்டும். ஒரு மணி நேரம். பத்து நிமிடம் போதும் என்பார்கள் பக்கத்துக் கடைக்காரர்கள். போதாது. சூடும் துக்கம் மாதிரிதான். கூடவே உட்கார்ந்திருந்தால்தான் முழு அளவையும் காட்டும். முதல் நாள் என் நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டுக் காதர் சொன்னார்:

"நமக்குப் பத்து நிமிசத்துல கொட்டாவி வந்துரும் டீச்சர். நீங்க என்னன்னா அடுப்புல பால வச்ச மாதிரில்லா கண்ண எடுக்காம உக்காந்திருக்கிய!"

மாளாவில் ஏப்ரல்

முதல் பெரிய தப்பு என்னுடையது. இசக்கிமுத்து தோல் பை தைப்பவர். பட்டறைக்கு மேலே, ஏணி வைத்து ஏறும் பரணில், இங்கே மாளா என்பார்கள், அவர் குடியிருப்பு. அவருடைய பெட்டியைக் கடையில், ஏசிக்கு நேர் கீழே வைத்து ஒரு மணி நேரம் பார்த்தேன். எழுபத்திரண்டு டிகிரியைத் தாண்டவில்லை. தாராளமாகக் கூட்டலாம் என்று எழுதிக் கொடுத்தேன்; காதர் கூட்டிக் கொடுத்தார். மூன்றாம் நாள், ஏப்ரல் வெயிலில், பெட்டி தானாக அணைவதும் எழுவதுமாக இருந்தது.

ஏணியில் மெல்ல ஏறிப் போய்ப் பார்த்தேன். தகரக் கூரைக்கும் என் தலைக்கும் நடுவில் ஒரு சாண். அறைக் காற்றே நாற்பது டிகிரி. சுற்றியுள்ள காற்று எவ்வளவு சூடோ, ஏறக்குறைய அவ்வளவும் ப்ராசசரின் கணக்கிலும் ஏறும். முப்பது வருடம் மாணவர்களுக்குச் சொன்ன பாடத்தை ஏசியின் குளிரில் நானே மறந்திருக்கிறேன். வேகத்தைப் பழையபடி குறைத்துக் கொடுத்துவிட்டு மன்னிப்புக் கேட்டேன். பெட்டி எந்த அறையில் ஓடப்போகிறதோ அந்த அறையிலேயே, அதன் சொந்தக்காரர் ஆடும் ஆட்டத்தை வைத்தே சோதிக்க வேண்டும் என்று அன்றைக்கு விதி செய்தோம். இசக்கிமுத்துவுக்குக் கோபமே வரவில்லை. நான் இறங்குவதற்காக ஏணியைப் பிடித்துக்கொண்டு சொன்னார்:

"மதியம் ரெண்டு மணிக்கு மேல இங்க எனக்கே ஓட மாட்டேங்கு. அது மட்டும் எப்படிம்மா ஓடும்?"

உரிக்காத தாள்

காட்கோபரில் ஒரு வங்கி ஊழியர். பெட்டியைத் தானே பாகம் பாகமாகப் பூட்டியவர், கெட்டிக்காரர். ஆனால் கம்ப்யூட்டரைப் போட்ட இரண்டாம் நிமிடமே தொண்ணூறு டிகிரி. அவர் வீட்டு சோபாவில் பிளாஸ்டிக் உறை, டி.வி. ரிமோட்டில் பிளாஸ்டிக் உறை, ஃபிரிட்ஜின் கைப்பிடியில்கூட. எனக்குச் சந்தேகம் தட்டியது. ப்ராசசரின் மேல் உட்கார்ந்து சூட்டை இழுத்துக்கொள்ளும் உலோகக் கட்டியைக் கழற்றச் சொன்னேன். அதன் அடியில், கடையிலிருந்து வந்த பளபளப்புத் தாள் அப்படியே இருந்தது. உரித்துவிட்டுப் போடுங்கள் என்று அதிலேயே சிவப்பில் அச்சடித்திருந்தது. படித்தீர்களா என்று கேட்டேன். படித்தாராம். பிறகு ஏன்?

"உரிச்சா பழசாயிடுமே ஆண்ட்டி!"

இரண்டு நிமிடமும் ஒன்றரை மணியும்

ராமசேஷன் செம்பூரிலிருந்து வந்தார். நவராத்திரி முடிந்து ஒரு மாதம் ஆகியிருக்கும். ரயில்வே அலுவலகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். சட்டைப் பையில் இன்னும் இரண்டு பேனா. ஞாயிற்றுக்கிழமைக்குள் ஓவர்கிளாக் செய்து தர முடியுமா என்று கேட்டார். "ஆடுதது யாரு சார், பேரப்பிள்ளையா?" என்றார் காதர். "நான்தான்" என்றார் அவர், கொஞ்சம் கூச்சத்தோடு.

மகன் கார்த்திக் டொரன்டோவில் இருக்கிறான். ஞாயிறுதோறும் இங்கே சாயங்காலம், அங்கே காலை. அப்பாவும் பிள்ளையும் கம்ப்யூட்டரில் ஒரே பந்தயச் சாலையில் கார் ஓட்டுவார்கள். ஒரு மாதமாக இவருடைய கார் நின்று நின்று குதிக்கிறது. "அப்பா, உன் வண்டி தவளை மாதிரி வர்றது, கொஞ்ச நாள் விட்டுடலாம்" என்று பிள்ளை சொல்லிவிட்டான். போன ஞாயிறு ஆட்டம் இல்லை. ஆட்டம் இல்லாவிட்டால் என்ன, போனில் பேசிக்கொள்ளலாமே என்று விவரம் புரியாமல் கேட்டுவிட்டேன்.

"போன்ல 'சாப்ட்டியா, சாப்ட்டேன்', ரெண்டு நிமிஷம், வெச்சுடுவான் மாமி. ஸ்டீயரிங்கைப் பிடிச்சுண்டான்னா ஒன்றரை மணி நேரம் பேசறான்."

மூச்சு வாங்குகிறவன்

வெள்ளிக்கிழமை மத்தியானம் காதரும் நானும் செம்பூருக்குப் போனோம். விதிப்படி அவருடைய அறை, அவருடைய மேஜை. பெட்டி சும்மா இருக்கும்போதே ஐம்பத்தெட்டு டிகிரி. முழு வேலை கொடுத்த நாலாம் நிமிடம் தொண்ணூற்றாறு. வோல்ட்டைப் பார்த்தால், மதர்போர்டு தானே முடிவு செய்துகொள்ளட்டும் என்று 'ஆட்டோ'வில் விட்டிருந்தார். அப்படி விட்டால் அது கல்யாணச் சமையல்காரர் மாதிரி, எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு கை கூடவே போடும். ஒன்றேகால் வோல்ட் போதுமான இடத்தில் ஒன்று புள்ளி மூன்று எட்டு போய்க்கொண்டிருந்தது.

அவ்வளவு சூடு ஏறினால் ப்ராசசர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். தவளைப் பாய்ச்சலின் ரகசியம் அதுதான். வேகம் போதவில்லை, கூட்டுங்கள் என்று வந்தவருடைய பெட்டி, இருக்கிற வேகத்தில் பாதியைக்கூடத் தொடவில்லை. காதர் நோட்டைப் பார்த்தார், அவரைப் பார்த்தார்.

"மூச்சு வாங்கிக்கிட்டு நிக்கவன்ட்ட போயி இன்னும் வெரசா ஓடுலேன்னு சொல்லச் சொல்லுதீயளே சார்!"

சந்தனம்

ஆனால் மூச்சு ஏன் வாங்குகிறது? ப்ராசசரின் மேலே உள்ள விசிறி சோம்பலாகச் சுற்றிக்கொண்டிருந்தது. கேட்டால், கர் கர் என்று சத்தம் வந்ததாம், மனைவி பத்மாவுக்கு டி.வி. கேட்கவில்லையாம், ராமசேஷன் செட்டிங்கில் போய் விசிறியை 'சைலன்ட்' என்று வைத்துவிட்டார். எப்போதிலிருந்து சத்தம்? நவராத்திரியிலிருந்து. விசிறியை முழு வேகத்துக்குத் திருப்பச் சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டேன். நல்ல விசிறியின் ஓசை ஒரே இழை. இதிலோ ஒவ்வொரு சுற்றிலும் ஓரிடம் கனத்து விழுந்தது, ஒரு கால் தாங்கித் தாங்கிப் படியேறுகிறவரைப்போல. அணைத்துவிட்டு டார்ச் அடித்தோம். ஓர் இறக்கையில் கட்டைவிரல் அகலத்துக்குச் சந்தனம், கல்லாகக் காய்ந்து. அதன் நடுவில் குங்குமம்.

சரஸ்வதி பூஜை அன்று, பக்கக் கதவு கழற்றிக் கிடந்த பெட்டிக்குப் பத்மா வைத்த பொட்டு அது. பொட்டினால் சத்தம், சத்தத்தால் சைலன்ட், சைலன்ட்டால் சூடு, சூட்டினால் தவளை, தவளையால் டொரன்டோவில் ஒரு பிள்ளை வாயை மூடிக்கொண்டான். ராமசேஷன் தலையில் கை வைத்துக்கொண்டு, "பெட்டி மேல வெச்சாப் போறாதாடி?" என்றார். பத்மா காபி டம்ளர்களை வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"தகரத்துக்கா பூஜை? எது ஓடறதோ அதுக்குத்தானே வெக்கணும்!"

நாற்பதாவது நிமிடம்

ஈரத் துணியால் சந்தனத்தை ஊற வைத்துத் துடைத்தேன். காதர் ப்ராசசரிலிருந்து சூட்டைக் கடத்தும் பழைய பேஸ்ட்டை வழித்துவிட்டுப் புதிதாகத் தடவினார், வோல்ட்டை ஒன்றேகாலுக்கு இறக்கினார், விசிறியைப் பழைய வேகத்துக்குக் கொண்டுவந்தார். தொண்ணூற்றாறு, எழுபதாக இறங்கியது. இனி ஓவர்கிளாக் தேவையில்லை என்றேன். அவர் முகத்தில் நிம்மதியைவிடப் பயம்தான் அதிகம். ஞாயிற்றுக்கிழமை ஒரு ஆட்டம் கேட்டு வாங்கியிருக்கிறாராம். அன்றைக்கும் வண்டி குதித்தால் பிள்ளை மறுபடி வர மாட்டான். ஆட்டத்தின்போது நானே நோட்டோடு வந்து உட்காருகிறேன் என்றேன். விதியும் அதுதானே.

ஞாயிறு மாலை அவருக்குப் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். அடுப்படியில் இருக்கும் பத்மாவுக்கும் கேட்கட்டும் என்று பிள்ளையின் குரலை ஸ்பீக்கரில் வைத்திருந்தார். ஐந்தாம் நிமிடம் அறுபத்தாறு. பத்தாம் நிமிடம் அறுபத்தெட்டு. "அப்பா, என்ன பண்ணினே? வழுக்கிண்டு வர்றதே!" என்று டொரன்டோ சிரித்தது. "பின்னாலேயே வரேன் பாரு!" என்று செம்பூர் சவால் விட்டது. முதல் ஆட்டத்தில் அப்பா தோற்றார், இரண்டாவதிலும் தோற்றார். முப்பத்தைந்தாம் நிமிடம் எழுபத்தொன்று. அங்கேயே நின்றது. நான் பேனாவை மூடி மடியில் வைத்துக்கொண்டேன்.

மூன்றாவது ஆட்டத்தில் இரண்டு வளைவுகள் தாண்டின. பிறகு கார்த்திக், "அப்பா" என்றான். "வேலை போயிடுத்துப்பா. மூணு வாரம் ஆச்சு. போன்ல சொல்ல வரலை." அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றது. ராமசேஷனின் கைகள் ஸ்டீயரிங்கை விடவில்லை, கார் சாலையை விட்டு விலகவில்லை. நாற்பதாவது நிமிடத்துக்கு எதிரே என் நோட்டில் ஒன்றும் எழுதியிருக்காது. அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்:

"வளைவு வர்றதுடா, பிரேக்கைப் பிடி. ம்... இப்போ சொல்லு, கேட்டுண்டுதான் இருக்கேன்."

பொங்கலுக்குள் கார்த்திக்குக்கு வேறு வேலை கிடைத்துவிட்டது. ராமசேஷன் இன்றுவரை ஞாயிறுதோறும் மகனிடம் தோற்றுக்கொண்டுதான் இருக்கிறார், தோற்றதற்கான பழியை ஏற்கத்தான் இப்போது பெட்டி சம்மதிப்பதில்லை.