அம்மா உட்காராத பக்கம்

பெல்ஜியத்தின் கென்ட் நகரத்தில் என் தோழி லொட்டே வரைந்துகொண்டிருக்கும்போது யாராவது அறைக்குள் நுழைந்தால், தாளைச் சட்டென்று குப்புறக் கவிழ்த்துவிடுவாள். வருவது அவளைப் பெற்ற தாயாகவே இருந்தாலும் இதே மரியாதைதான். முதல் தடவை எனக்கு முகம் சுண்டிப்போனது. பெரியநாயக்கன்பாளையத்தில் நான் வளர்ந்த வீதியில் ஒருவர் சுவருக்கு வெள்ளையடித்தால்கூட நாலு பேர் நின்று, "அந்த மூலையில இன்னொரு கை போடுங்க" என்று சொல்லாமல் நகரமாட்டார்கள். இங்கேயோ நாங்கள் இருவரும் சேர்ந்து ஒரு கிராஃபிக் நாவல் செய்கிறோம். எழுத்து என்னுடையது, படம் அவளுடையது, கதை என் அம்மாவுடையது. அப்படியிருந்தும் அவள் கூப்பிடும்வரை நான் அடுத்த அறையில் காபியோடு காத்துக் கிடக்க வேண்டும். பெல்ஜியம் வந்து இத்தனை வருடமாகியும் இது மட்டும் எனக்குப் பழகவில்லை.

கதை இதுதான். அப்பா போன பிறகு அவருடைய லேத்துப் பட்டறையை விற்றுவிடச் சொல்லி மாமன்மாரும் சித்தப்பாமாரும் வீட்டுக்கு வந்தார்கள். அம்மா அத்தனை பேருக்கும் விருந்து வைத்து, கடைசியில் மோர் ஊற்றும்போது, "பட்டறைய நானே பாத்துக்கறனுங்க" என்றார். அதற்குப் பிறகு கிரைண்டருக்கு உதிரிபாகம் செய்துதான் என்னைப் படிக்கவைத்தார். அந்த விருந்துதான் எங்கள் முதல் அத்தியாயம். பகலில் மருத்துவமனை ஆய்வகத்தில் வேலை பார்த்துவிட்டு, மாலையில் அதை ஆசை ஆசையாக எழுதியிருந்தேன். லொட்டேவும் ஆசையாகத்தான் வரைந்தாள். ஒரு பெரிய மேசை, சுற்றிலும் உறவுக்காரர்கள், நடுவில் நாற்காலியில் அமர்ந்து அந்த வார்த்தையைச் சொல்லும் அம்மா. மூக்கு, தோடு, நெற்றி எல்லாம் நான் கொடுத்த போட்டோவில் இருப்பது போலவே இருந்தன. ஆனால் அது என் அம்மா இல்லை.

"முகம் சரியில்லை" என்றேன். அழித்து வரைந்தாள். மறுபடியும் சரியில்லை. "எது சரியில்லை?" என்று கேட்டாள். எனக்கே தெரியாததை எப்படிச் சொல்வது? இப்படியே குளிர்காலம் கழிந்தது. முதல் அத்தியாயத்தைக் கோடைக்கு முன்னால் கொடுக்காவிட்டால் புத்தகம் இல்லை என்று பதிப்பகத்தார் சொல்லிவிட்டார்கள். ஒருநாள் லொட்டே பென்சிலைக் கீழே வைத்து, "உன் அம்மா எனக்குள் வரமாட்டேன் என்கிறார். வேறு ஆளைப் பார்த்துக்கொள்" என்றாள். வேறு ஒரு கை இதை வரைவதை நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. "ஒரே ஒரு தடவை என்னோடு ஊருக்கு வா. அங்கேயும் வரவில்லையென்றால் விட்டுவிடலாம்" என்று கெஞ்சினேன்.

ஊரில், பட்டறையில் அவள் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, நோட்டை விரித்தாளோ இல்லையோ, முதுகுக்குப் பின்னால் கூட்டம். பழக்கதோஷத்தில் தாளைக் கவிழ்த்தாள். யாரும் நகரவில்லை, நிமிர்த்தட்டும் என்று பொறுமையாகக் காத்திருந்தார்கள். வேறு வழியில்லாமல் நிமிர்த்தி வரைந்தாள். அப்பா காலத்திலிருந்தே எங்களிடம் வேலை செய்யும் பழனிச்சாமி அண்ணன் தன் படத்தை உற்றுப் பார்த்தார்.

"ஏனுங் அம்மணி, மீசைய இன்னுங் கொஞ்சம் தாராளமாப் போடுங்க. ஊட்டுல பாத்தா ஆருன்னு கேப்பாங்க."

மொழிபெயர்த்தேன். லொட்டே என்னை ஒரு முறை முறைத்தாள். பிறகு மீசையைக் காதுவரைக்கும் இழுத்துவிட்டாள். பட்டறையே கை தட்டியது. அவளுக்கும் சிரிப்பு தாங்கவில்லை. அப்புறம் அவள் தாளைக் கவிழ்க்கவே இல்லை.

மதியம் வீட்டில் அரிசிம்பருப்புச் சாதம். மேசை மேல் வாழையிலை போட்டு, எங்கள் இருவரையும் அருகருகே உட்காரவைத்து, அம்மா நெய்யை ஊற்றினார். லொட்டே "ஸ்மாக்கலக்" என்றாள். சாப்பிடத் தொடங்கும்போது அவர்கள் ஊரில் சொல்வது. சொன்னவள் சாப்பிடாமல், அம்மா உட்காருவதற்காகக் காத்திருந்தாள். அம்மாவோ விருந்தாளி கை வைப்பதற்காகக் கரண்டியோடு காத்திருந்தார். சாதத்தில் நெய் உறைய ஆரம்பித்தது.

"ஏங்கண்ணு, சாப்பாடு புடிக்கலையாட்ட இருக்குது?" என்று அம்மா என் காதருகே கேட்டார்.

"உன் அம்மா ஏன் வேலைக்காரி போல நிற்கிறார்? அவர் உட்காராமல் நான் சாப்பிட மாட்டேன்" என்றாள் லொட்டே. நிஜமாகவே கோபம். அவள் கேட்டதில் நியாயம் இல்லாமல் இல்லை. அப்பா நின்று பரிமாறி நான் பார்த்ததில்லை. அம்மாவிடம் சொன்னேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

"உக்காந்துட்டா ஆரு எலையில என்ன தீந்துச்சுன்னு எப்படித் தெரியும்? பட்டறையிலயும் நின்னுட்டுத்தான பாக்கறேன். உக்காந்தா நம்மள ஏச்சுப்போடுவாங்கன்னு சொல்லு."

நான் சொல்லி முடித்ததும் லொட்டே அம்மாவை அண்ணாந்து பார்த்தாள். இடுப்பில் ஒரு கை, கரண்டியில் ஒரு கை, மேசை முழுவதையும் ஒரே பார்வையில் அளக்கும் கண். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"அந்த விருந்திலும் நின்றுகொண்டுதான் சொன்னாரா?"

"ஆமாம். பரிமாறும்போது எல்லாரும் அப்படித்தானே..."

"நீ அதை எழுதவே இல்லையே!"

எழுதவில்லைதான். அம்மா மூச்சு விட்டார் என்று யாராவது எழுதுவார்களா? போட்டோ பார்த்து வரைந்த முகத்தைக் குறைசொல்லி அவளை வதைத்தேனே தவிர, அம்மாவை நாற்காலியிலிருந்து எழுப்பவேண்டும் என்று எனக்கே தோன்றவில்லை. லொட்டே இடதுகைக்காரி. சோறு வலது கையால்தான் என்று சொல்லிவைத்திருந்ததால் வரைகிற கை சும்மா இருந்தது. நோட்டை இலைக்குப் பக்கத்தில் இழுத்துப்போட்டுக்கொண்டாள். போதும் என்றால் இலையைக் கையால் மறிக்க வேண்டும் என்பது அவளுக்குத் தெரியாது, பார்வையும் இலையில் இல்லை. அம்மா போட்டுக்கொண்டே இருந்தார், அவள் சாப்பிட்டுக்கொண்டே இருந்தாள், வரைந்துகொண்டே இருந்தாள். அம்மா தாளில் வந்துகொண்டிருந்தார்.

கல்யாணமாகி பெல்ஜியம் போவதற்கு முன்பெல்லாம் விருந்தாளி வந்தால் நானும் அம்மாவோடு நின்றுதான் பரிமாறுவேன். அந்த நினைப்பில் ரசச் சட்டியை எடுக்க எழுந்தேன்.

"நீ உக்காரு கண்ணு. நீயே எப்பவோ ஒருக்கா வாரவ" என்றார் அம்மா. ஆசையாகத்தான் சொன்னார். அதனால்தான் சுருக்கென்றது.

சித்திரை பிறப்பதற்குள் அத்தியாயம் பென்சிலில் முடிந்து, பதிப்பகத்தாரும் சரி என்றுவிட்டார்கள். அந்த விருந்துப் பக்கத்தை வீடியோ காலில் அம்மாவிடம் காட்டினோம். அம்மா கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"என்னயாட்டவே நிக்கறா" என்றார். உடனே, "நல்ல சேலையா ஒண்ணு கட்டியுட்டிருக்கலாம்" என்றார். பிறகு திரையருகே வந்து கேட்டார். "மேசை ஓரத்துல அதாரு? உக்காரவும் இல்லாம, எந்திரிக்கவும் இல்லாம?"

அப்போதுதான் நானும் அதைக் கவனித்தேன். அந்த விருந்து நாளில் சின்னப் பெண்ணாக இருந்த என் இடத்தில், இப்போதைய என்னை லொட்டே வரைந்திருந்தாள். முன்னால் பாதி சாப்பிட்ட இலை. ஒரு கை நாற்காலியின் முதுகைப் பிடித்திருந்தது, இன்னொரு கை ரசச் சட்டியை நோக்கி நீண்டிருந்தது.

"நான்தாம்மா."

"சோறு ஆறுது கண்ணு. ஒண்ணு உக்காந்து உண்ணச் சொல்லு, இல்லாட்டி எந்திரிச்சு இங்க வரச் சொல்லு."

லொட்டே அழிப்பானைக் கையில் எடுத்துக்கொண்டு, "என்ன சொல்கிறார்? எப்படி மாற்ற வேண்டும்?" என்றாள்.

"மாற்றாதே. அப்படியே மை போட்டுவிடு" என்றேன்.