எட்டாம் வசனத்தோடு நின்ற சுவிசேஷம்

“சார், அவியள விரியன் கடிச்சிட்டு. ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேங்காவ. நீங்க வந்து ஒரு வார்த்த சொல்லுங்க.”

பசுவந்தனைப் பக்கம் ஒரு கிராமத்து ஆலயத்தில், வகுப்புக்காக மாற்கு சுவிசேஷத்தின் கிரேக்கப் பதிப்பைப் பிரித்துவைத்துக் காத்திருந்தேன். எஸ்தர் அக்கா ஓடிவந்து வாசலில் நின்றபடியே சொன்னார். நான் இறையியல் கல்லூரியில் புதிய ஏற்பாட்டுக் கிரேக்கம் நடத்தி ஓய்வுபெற்றவன். மாதத்தில் ஒரு சனிக்கிழமை கோவில்பட்டியிலிருந்து போய், கிராமச் சபைகளை நடத்துகிற உபதேசியார்களுக்கு வகுப்பெடுப்பேன். எஸ்தர் அக்காவின் கணவர் ஞானமுத்து அண்ணாச்சிதான் அந்த ஊர் உபதேசியார்.

கிரேக்கம் படிக்க வரும் பிள்ளைகளுக்கு நம் வேலையைச் சொல்லிவிடுகிறேன். மாற்கு தன் கையால் எழுதிய ஏடு நம்மிடம் இல்லை. பிரதிகளின் பிரதிகள்தான் இருக்கின்றன. எந்தப் பிரதியில் எது உண்டு, எது இல்லை என்று பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் சொல்வது அபராட்டஸ். கண்ணைக் கெடுக்கிற வேலைதான். ஆனால் எனக்கு இதைவிடப் பிடித்த வேலை கிடையாது.

மிகப் பழைய இரண்டு பிரதிகளில் மாற்குவின் கடைசி அதிகாரம் எட்டாம் வசனத்தோடு நின்றுவிடுகிறது. ஆண்டவரின் கல்லறைக்குப் போன பெண்கள் நடுங்கி ஓடுகிறார்கள். பயத்தால் யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. அவ்வளவுதான். அந்த இரண்டில் ஒன்றில், அதற்கடுத்து மேலிருந்து கீழ்வரை ஒரு முழுப் பத்தி இடம் வெறுமையாகக் கிடக்கிறது. நம் வேதாகமத்தில் தொடர்ந்து வரும் வசனங்களை, பின்னால் சேர்ந்தவை என்று காட்ட, கிரேக்கப் பதிப்பில் அடைப்புக்குறிக்குள் போட்டிருப்பார்கள். விசுவாசிகள் பாம்பைக் கையில் எடுப்பார்கள் என்ற வாக்கு அந்த அடைப்புக்குறிக்குள்தான் இருக்கிறது.

அந்தச் சபையில் ஒரு வழக்கம் உண்டு. மக்காச்சோளம் அறுக்க இறங்குமுன் உபதேசியார் வரப்பில் நின்று அந்த வாக்கை வாசிப்பார். மாசி வெயிலில் கரிசல் வெடித்துக் கிடக்கும். வெடிப்புக்குள் என்ன படுத்திருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? ஜனங்கள் ஆமென் சொல்லிவிட்டு இறங்குவார்கள். அன்று காலையிலும் அண்ணாச்சி வாசித்தார். முதல் ஆளாக இறங்கியவரும் அவர்தான்.

நான் போனபோது வேப்பமரத்தடியில் கட்டிலில் கிடந்தார். கால் முழங்கால்வரை வீங்கியிருந்தது. ஈறில் ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. லோடு ஆட்டோ தயாராக நின்றது. சபையார் சுற்றி நின்றார்களே தவிர, அவரைத் தொட ஒருவருக்கும் துணிவில்லை.

“அண்ணாச்சி, ஆட்டோல ஏத்துதோம். கோவில்பட்டிக்குப் போயிருவோம்.”

“அடைப்புக்குறி இருக்குன்னுதான சார் சொல்லப்போறீங்க? வகுப்புல சொன்னது ஞாபகம் இருக்கு. காலைல நான் வாசிச்சேன், எல்லாரும் ஆமென் சொன்னாவ. இப்பம் நானே ஊசிக்கு ஓடுனா, இவிய எத நம்புவாவ?”

அதைத்தான் சொல்ல வாயெடுத்திருந்தேன். ஆனால் சாகக் கிடக்கிறவர் பிடித்திருக்கும் கயிற்றை அறுக்க மனசு வரவில்லை. பொய் சொல்லவும் வாய் வரவில்லை. கோபம் கோபமாக வந்தது. யார்மேல் என்று இன்றுவரை தெரியாது.

“அத விடும். எட்டாம் வசனம் என்ன சொல்லுது?”

“பொம்பளையாளுவ… பயந்து ஓடுனாவ.”

“அதுக்கு அடைப்புக்குறி கிடையாது. கல்லறை வரைக்கும் வந்ததே அவியதான். அவியளே பயந்தாவ. உமக்குப் பயமா இருக்கா, இல்லியா?”

அவர் எஸ்தர் அக்காவைப் பார்த்தார்.

“இருக்கு சார். கடிச்சதுலருந்து ரொம்பப் பயமா இருக்கு. சபைக்கு முன்னால எப்படிச் சொல்லுவேன்?”

“சொல்லிட்டீரே.”

“தூக்குங்கய்யா!” என்று எஸ்தர் அக்கா போட்ட சத்தத்தில் நின்றவர்கள் எல்லாரும் கட்டிலோடு தூக்கினார்கள்.

சிறுநீரகம் வரை விஷம் போயிருந்தது. பிழைத்து வந்தார். கணுக்கால் புண் ஆற வெகுநாள் ஆனது.

அடுத்த அறுவடைக்கு என்னையும் வரச் சொன்னார். கையில் கம்பு, காலில் ரப்பர் பூட்ஸ். வரப்பில் நின்று எட்டாம் வசனத்தை வாசித்து நிறுத்தினார். பாம்பு வாக்கை வாசிப்பாரோ, விடுவாரோ என்று அவர் விரலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“யாருக்கெல்லாம் பயமா இருக்கு?”

அவர் முதலில் கையைத் தூக்கினார். பிறகு எஸ்தர் அக்கா. பிறகு ஒவ்வொருவராக எல்லாரும்.

“அப்பம் கம்பத் தட்டிக்கிட்டே இறங்குங்க. பூட்ஸ் இல்லாதவிய பின்னால வாங்க. எதும் தீண்டுச்சுன்னா ஒளிக்காம உடனே சொல்லிரணும்.”

பிள்ளைகளே, பிரதிகள் சொல்வதை யாருக்காகவும் மாற்றிச் சொல்லாதீர்கள். ஆனால் அதைக் கையில் எடுக்குமுன், எதிரில் இருப்பவருக்கு என்ன பயம் என்று கேளுங்கள். எனக்கு அந்தக் கட்டிலருகே நின்றபோதுதான் இது விளங்கியது.

அன்று வரப்பில், ஜனங்கள் இறங்குமுன் அண்ணாச்சி மறுபடியும் வேதாகமத்தைத் திறந்தார். அடைப்புக்குறிக்குள் இருக்கும் அந்த வாக்கையும் விடாமல் வாசித்தார். ஜனங்கள் ஆமென் சொன்னார்கள். நானும் சொன்னேன்.