வலப்பக்கத்து ஒட்டு

ஜெகதாப்பட்டினத்தில் ஐஸ் கம்பெனிக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை. பயிற்சி நடந்தபோது அங்கே இருந்தவர்கள்: ஓட்டையான பைபர் படகை ஒட்டச் சொல்லிக்கொடுக்க வந்த மேடம். கொட்டகையின் சொந்தக்காரரான பட்டறைக்காரர். மீமிசலிலிருந்து பஸ்ஸில் வரும் அண்ணன். அவன் தம்பி. நான். கடைசியாகப் பொன்னமராவதிக்காரன்.

அவன் எங்களுக்கு ஒரு மாதம் பிந்தி வந்தவன். அப்பா துபாயில். இவன் பாலிடெக்னிக்கைப் பாதியில் விட்டுவிட்டுப் படுத்தே கிடந்தானாம். கடலை அதற்குமுன் பார்த்ததில்லை.

நான் எட்டாவதோடு நின்றவன். அப்பாவை இலங்கை நேவிக்காரர்கள் கடலில் பிடித்துக்கொண்டு போய், நெடுநாள் வைத்திருந்துதான் விட்டார்கள். அதிலிருந்து ஆத்தா என்னைப் படகில் ஏறவிடவில்லை. துறைமுக வாசலில் உட்கார்ந்திருப்பேன். ஊரில் வெட்டிப்பயல் என்று பேர். மேடம் அங்கே வந்துதான் என்னைக் கூப்பிட்டார். ரெசின் பசை கலக்க, கண்ணாடி நார் மேட் வெட்ட, பிரஷ்ஷால் அழுத்திக் காற்றை எடுக்க, எல்லாவற்றிலும் நான்தான் முதல். அவன் வரும்வரை.

முதல் நாள் மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு வந்தான்.

"ஏய் மேக்கத்தியான், மீனுப்பா அது. கடிக்காது" என்றான் மீமிசல் அண்ணன்.

"கடிக்கலண்ணே. நாறுது."

எல்லோரும் சிரித்தார்கள். பட்டறைக்காரரும் சிரித்தார். என் பேச்சுக்கு அவர் சிரித்ததில்லை.

அவன் கை நடுங்காது. அவன் போட்ட நார் மேட்டில் ஒரு குமிழ் இருக்காது. இருக்கிறதா என்று தினமும் விரலால் தடவிப் பார்ப்பேன். கொட்டகையிலேயே படுத்துக்கொண்டான். ஆத்தா அவனுக்கும் சேர்த்துச் சோறு கொடுத்துவிட்டாள். தூக்குச்சட்டியைத் திறந்தால் மீனில் அவனுக்கு நடுத்துண்டு, எனக்கு வால்.

பயிற்சி முடிகிற சமயம் பட்டறைக்காரர் சொன்னார், ஒருத்தனைத்தான் வேலைக்கு வைக்க முடியும் என்று. மீமிசல்காரர்கள் ஊரிலேயே கடை போடப் போகிறார்கள். மிச்சம் நாங்கள் இரண்டு பேர். எனக்கு அந்த வேலை வேண்டும். இல்லையென்றால் திரும்பத் துறைமுக வாசல்தான்.

கடலுக்குள் பாறைப் பாரில் மோதி இரண்டு பக்கமும் ஓட்டையான படகு ஒன்று வந்தது.

"எடப்பக்கம் நீ. வலப்பக்கம் அவன்" என்றார் பட்டறைக்காரர். "நாலு தடவ கடலுக்குப் போயிட்டு வரட்டும். அப்பறம் பாப்போம்."

ஒட்டுமுன் கழுவ வேண்டும். வாளியை எடுத்துக்கொண்டு போய்க் கடலில் மொண்டு வந்து கழுவினேன். எங்கள் ஊரில் எல்லோரும் அப்படித்தான் கழுவுவார்கள். கடல் தண்ணீரில் என்ன அழுக்கு?

அவனைக் காணோம். கொஞ்ச நேரத்தில் மஞ்சள் கேனோடு வந்தான். கூடவே ஆத்தா.

"ஏண்டா, இந்தத் தம்பி நல்ல தண்ணி கேக்குதுடா. படகு கழுவவாம். நம்ம குடிக்கவே டிராக்டர் எப்ப வரும்னு பாத்துக்கிட்டு கெடக்கோம்."

"எங்க ஊர்ல போர்த்தண்ணி உப்பாப் போச்சு ஆத்தா. செவுத்துல பூசுன பூச்சு பூராம் உதுந்திருச்சு. உப்புக்கு மேல எதும் நிக்காது ஆத்தா."

என் ஆத்தாவை அவன் ஆத்தா என்றான். கேனை அவளே தூக்கி ஊற்றினாள்.

"அப்பிடியே பவுடரும் போட்டு விடுங்க" என்றேன்.

ஒருவரும் சிரிக்கவில்லை.

படகு நாலாவது தடவை போய்விட்டுத் திரும்பியது. படகுக்காரர் முன்பக்க அணியத்தில் நின்று கத்திக்கொண்டே வந்தார். என் ஒட்டு ஓரத்தில் அப்பளம் மாதிரி எழும்பியிருந்தது. வழியெல்லாம் தண்ணீரை இறைத்துக்கொண்டே வந்திருக்கிறார்கள். வலப்பக்கம் அப்படியே இருந்தது.

பட்டறைக்காரர் என் ஒட்டை நகத்தால் நெம்பி அடியில் தடவி, விரலை நாக்கில் வைத்துப் பார்த்து, "உப்பு" என்று துப்பினார். அவனைப் பார்த்து, "நீ நாளையிலருந்து இங்கதான்" என்றார்.

மேடம், "நல்ல தண்ணின்னு நான் சொல்லாம விட்டுட்டேன். அடுத்த ஊர்ல இத முதல்ல சொல்லணும்" என்றார். ஊர் ஊராக அவன் சங்கதி போகப் போகிறது.

"நானு?" என்று கேட்டேன்.

"பிச்சுப்போட்டு மறுபடி ஒட்டு. கூலி கெடையாது" என்றார் பட்டறைக்காரர்.

வீட்டுக்குப் போய்க் கேனை எடுத்தேன்.

"இப்ப ஒனக்குமா?" என்றாள் ஆத்தா.

"ஆமா."

"அந்தத் தம்பி சாப்பிட்டுச்சாடா?"

கேனைத் தூக்கிக்கொண்டு வந்தேன். அந்த ஒட்டு நின்றது.

மீன்பிடித் தடைக்காலம் வந்ததும் படகெல்லாம் ஒட்டுவேலைக்குக் கரையேறின. ஓர் ஆள் போதவில்லை. பட்டறைக்காரர் என்னையும் கூப்பிட்டார், தினக்கூலிக்கு. அவனுக்கு மாதச் சம்பளம். கொட்டகைச் சாவி அவனிடம். என்னை அண்ணே என்கிறான். தெரிந்ததை மறைப்பதில்லை, டீ வாங்கினால் எனக்கும் சேர்த்து வாங்குகிறான். கெட்டவனாக இருந்தால் எனக்கு இலேசாக இருக்கும். திருவிழாவுக்கு அவன் ஊருக்குப் போனால், படகுக்காரர்கள் கொட்டகைக்குள் எட்டிப் பார்த்து, "தம்பி இல்லையா? அப்ப நாளைக்கு வாரோம்" என்று என்னிடமே சொல்லிவிட்டுப் போகிறார்கள்.

யார் எத்தனை படகு ஒட்டினோம் என்று அவன் எண்ணுவதில்லை. அதுவும் எரிகிறது. நான் எண்ணுகிறேன். இந்தத் தடைக்காலத்தில் அவன் இருபத்தொன்று.

நான் இருபது.