வெள்ளி மாலை கழற்றிய ஃபியூஸ் கட்டை

"இன்னா டீச்சரம்மா, ஒரு நாளு நீங்க இல்லாங்காட்டி பசங்கோ கணக்க மறந்துருவாங்களா?"

திருவொற்றியூரில் எங்கள் வீட்டுக்கு எதிரே லேத் பட்டறை வைத்திருந்த தேவசகாயம் ஒருமுறை என்னிடம் இப்படிக் கேட்டார். பத்தாம் வகுப்புக்குச் சனி, ஞாயிறு இரண்டு நாளும் சிறப்பு வகுப்பு எடுத்துக்கொண்டிருந்த காலம் அது. நான் பஸ் பிடிக்க ஓடினேன். போன செவ்வாய்க்கிழமை காலை டீக்கடை காதர் பாய் வாசலில் வந்து நின்று, "நம்ம தேவா பூட்டாரும்மா" என்றார். உடனே நினைவுக்கு வந்தது அந்தக் கேள்விதான்.

சனிக்கிழமையை ஓய்வுநாளாகக் கொண்டாடும் சிறிய சபையைச் சேர்ந்தவர் தேவசகாயம். வெள்ளிக்கிழமை சூரியன் இறங்கும்போது மெயின் போர்டிலிருந்து ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கி, காதர் பாய் கையில் கொடுத்துவிடுவார். மறுநாள் சூரியன் இறங்கிய பிறகுதான் வாங்குவார். "எங்கிட்டயே இருந்தா கை சும்மா இருக்காது பாய்" என்பார்.

பட்டறையில் அவரை எல்லோரும் நைனா என்றுதான் அழைப்பார்கள். "சனிக்கிழமை வூட்ல இருந்தா பொண்டாட்டி தண்ணி புடிக்கச் சொல்றா நைனா. அதுக்கு இங்கயே வந்துகினு இருக்கலாம்" என்றான் வேலையாள் முருகன்.

"அப்போ அவளுக்கு எப்போடா லீவு? போய்ப் புடி."

ஒரு சனிக்கிழமை காலை, பட்டறைக்குப் பாதி வேலை கொடுத்துவந்த தொழிற்சாலையின் மேனேஜர், உடைந்த மெஷின் ஷாஃப்டோடு காரில் வந்து இறங்கினார். தேவசகாயம் முடியாது என்றார். மேனேஜர் நேரே காதர் பாயிடம் போனார்.

"ஃபியூசு எங்கையிலதான் கீது. ஆனா தர மாட்டேன் சார். டீ வேணா தரேன், குடி."

வேறு வழியில்லாமல், மாலைவரை காத்திருப்பதாகச் சொல்லி மேனேஜர் அங்கேயே உட்கார்ந்துவிட்டார். மதியம் தெருக்குழாய்க்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டாரில் ஒரு பாகம் உடைந்தது. குடங்களோடு பெண்கள் வெயிலில் நின்றார்கள். தேவசகாயம் ஓடிவந்து பாயிடம் கை நீட்டினார். பாய் உடனே கட்டையை எடுத்துக் கொடுத்தார். லேத் ஓடியது.

மேனேஜருக்கு முகம் சிவந்துவிட்டது. "எங்க வேலைக்கு மட்டும்தான் ஓய்வா?"

"உங்க மெஷின் ராவிக்கு ஓடும் சார். தாகம் அதுவரைக்கும் நிக்காது."

மேனேஜர் போய்விட்டார். அந்த வேலை திரும்ப வரவே இல்லை. காசிமேட்டுப் படகுகளின் ஷாஃப்ட் கடைந்து, வேலையாட்களில் ஒருவரையும் வேலையைவிட்டு அனுப்பாமல் மெல்ல எழுந்தார். ஒருநாளும் அதற்காக வருந்திப் பேசி நான் கேட்டதில்லை.

மேனேஜர் வந்துபோன மறுவாரமே நான் சனிக்கிழமை வகுப்பை விட்டேன். தலைமையாசிரியர் முகம் சுளித்தார். பிள்ளைகளை ஓரம் விட்டு எழுதச் சொல்கிறோமே, அது தாளை வீணாக்கவா? தப்பைத் திருத்த ஓர் இடம் வேண்டும் என்பதற்காகத்தானே? வாரத்துக்கும் அப்படி ஓர் ஓரம் வேண்டும் என்றேன். பிள்ளைகள் கணக்கை மறக்கவில்லை.

புதன்கிழமை தேவசகாயத்தின் அடக்கம் முடிந்தது. சனிக்கிழமையும் பட்டறை ஓடினால் பெரிய வேலை தருவதாக வேறொரு கம்பெனி சொல்லியிருப்பதால், அவர் மகன் சாமுவேல் யோசனையில் இருந்தான். வெள்ளிக்கிழமை மாலை மெயின் போர்டின் முன்னால் அசையாமல் நின்றான். முருகனும் மற்றவர்களும் மெஷின்களைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். காதர் பாய் தெருவைக் கடந்து வந்து, எப்போதும்போல் கையை மட்டும் நீட்டினார். வெளிச்சம் குறைந்துகொண்டே வந்தது. சாமுவேல் கட்டையைப் பிடுங்கிப் பாய் கையில் வைத்தான்.

பாய்க்கு அன்றிரவு உறவுக்காரர் கல்யாணத்துக்குப் போக வேண்டியிருந்தது. அதனால் கட்டை என்னிடம் வந்தது. எண்ணெய்ப் பிசுக்கு ஏறிய அந்தப் பீங்கான் கட்டையை என் அலமாரியில் வைத்திருந்து, நேற்று சூரியன் இறங்கியதும் சாமுவேலிடம் கொடுத்தேன். பாய் ஊரில் இல்லாத வெள்ளிக்கிழமைகளில் இனி நான் போய்க் கை நீட்டுவேன். தேவசகாயம் எனக்கு விட்டுப்போனது இந்தப் பொறுப்பு.

அவரை அறிந்தவர்களே, அறியாதவர்களே, இந்த வாரம் ஒன்று செய்து பாருங்கள். உங்களை வேலைக்கு இழுக்கும் பொருள் எதுவோ, அதை ஒரு நாளைக்குப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு வாருங்கள்.