பொட்டளிக் கிளாக்கர்

என் மனைவியின் தமையன் எனக்கு அந்தப் பெயரை வைத்தது கோயில் பெருநாளுக்கு மறுநாள் காலையில். ஊர்காவற்றுறைக் கரையில் முழங்காலளவு தண்ணீரில் நின்று அவருடைய வீச்சுவலையை எறிந்தேன். அது விரியவே இல்லை. நனைந்த சேலையைப் பொட்டளியாகச் சுருட்டி எறிந்ததுபோலத் தொப்பென்று விழுந்து தாண்டது. கரையில் நின்ற இருபது முப்பது பேரும் சிரித்தார்கள்.

"மச்சான், உது வலை இல்லை, பொட்டளி," என்றார் அவர். "தபால் கந்தோரிலை பார்சல் எறிஞ்சு பழகின கையெல்லோ!"

என் தகப்பனும் கடலுக்குப் போனவர்தான். எனக்கு நாலு வயதில் அவர் போன வள்ளம் திரும்பி வரவில்லை. அதன்பிறகு தாய் என்னைக் கடற்கரைப் பக்கமே விடவில்லை. விடுதியில் தங்கிப் படித்து, சோதனை பாஸ் பண்ணி, தபால் கந்தோரில் கிளாக்கர் ஆனேன். அறுபதுகளின் நடுவில் இடமாற்றம் கிடைத்துச் சொந்த ஊருக்கு வந்தபோது முத்திரை குத்தத் தெரியும், தந்தி அடிக்கத் தெரியும், வலை எறியத் தெரியாது. கலியாணம் செய்ததோ ஊரிலேயே பேர்போன வலைகாரனின் தங்கையை.

ஒருநாள் சிரிப்போடு முடிந்திருந்தால் மறந்திருப்பேன். அவர் முடியவிடவில்லை. எந்த வீட்டில் நாலுபேர் கூடினாலும் தோளில் கிடக்கும் துவாயை எடுத்து, ஒரு நுனியைப் பல்லால் கடித்து, பேனை செருகுவதுபோல் காதடியில் விரலை வைத்துக் காட்டி, இடுப்பை நெளித்துத் துவாயை நிலத்தில் பொத்தென்று போடுவார். கந்தோர் யன்னலில் முத்திரை வாங்க வந்தவர்கள், "பொட்டளிக் கிளாக்கர் நிக்கிறாரோ?" என்று கேட்கத் தொடங்கினார்கள். என் மூத்த மகளின் ஞானஸ்நான விருந்தில், என் வீட்டு முற்றத்தில், என் சோற்றைத் தின்றுவிட்டு அதே கூத்தை ஆடினார். சுவாமியாரும் சிரித்தார். நான் சிரிக்கிறவனைப்போல் வாயை வைத்துக்கொண்டு குசினிக்குள் போனேன். அங்கே மனைவி சட்டி கழுவிக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தாமலே சொன்னாள்:

"நீங்கள் பல்லை நேரத்துக்கு விடேல்லை."

"என்ன?"

"அண்டைக்குக் கரையிலை. வலை கையை விட்டுப் போனாப்பிறகும் கடிச்சுக்கொண்டு நிண்டனீங்கள். பிறகு எப்பிடி விரியும்?"

அவள் வலை எறிந்து நான் கண்டதில்லை. பெண்கள் எறிவதும் இல்லை. அவள் வலை பின்னுவாள், கிழிந்ததைப் பொத்துவாள். அந்தக் கரையிலேயே அவளுடைய கைவேலைக்குத்தான் மதிப்பு. தமையனின் வலைகளும் அவளிடம்தான் வரும். அடுத்த மாதமே நைலோன் நூல் எடுத்து எனக்கென்று ஒரு வலை பின்னத் தொடங்கினாள். நான் கேட்கவில்லை. அவளும் விளக்கம் சொல்லவில்லை.

வலை முடிந்ததும் வீட்டின் பின்பக்கம், பனைகளுக்கு நடுவில், கிடுகு வேலி மறைப்பில் பழக்கம் தொடங்கியது. கந்தோர் விட்டு வந்து தேத்தண்ணி குடித்தவுடன் நேரே அங்கே போவேன். மணலில் தடியால் பெரிய வட்டம் கீறி, அதன் விளிம்பில் வலையின் ஈயக்குண்டுகள் விழவேண்டும் என்றாள். முதல் கிழமை என் வலை விழுந்ததெல்லாம் பூசணிக்காய் அளவு.

கயிற்றின் சுருக்குத் தடத்தை இடது மணிக்கட்டில் மாட்டுவது, வலையில் ஒரு பங்கை முழங்கையில் போடுவது, விளிம்பில் ஒரு குண்டைப் பல்லில் கடிப்பது, மிச்சத்தை வலக்கையில் பிடிப்பது எல்லாம் எனக்குத் தெரியும் என்றுதான் நினைத்திருந்தேன். அவள் பார்த்துவிட்டுச் சொன்னாள், "முக்கால்வாசி வலை முழங்கையிலை தூங்குது. கையிலை கொஞ்சந்தான் கிடக்கு. சரிபாதியாப் பிரியுங்கோ." பிரித்தேன். விரிந்தது, ஆனால் பிறைபோல ஒருபக்கம் வெட்டுப்பட்டு விழுந்தது. பல்லை விடப் பிந்தியதால் வந்தது அது. விட முந்தினால் மறுபக்கம் சுருண்டது. ஒருநாள் பிந்தியதில் ஈயக்குண்டு முன்பல்லில் ஒரு துண்டை உடைத்துக்கொண்டு போய்விட்டது. துப்பிவிட்டு மறுபடி எறிந்தேன். அந்த மணல் வட்டத்தின் நடுவில் தமையனின் முகம் கிடக்கிறது என்று நினைத்துத்தான் ஒவ்வொரு தடவையும் எறிந்தேன்.

"கோபத்திலை எறியிறீங்கள்," என்றாள். "அதுதான் வலை மேலை போகுது. மேலை போனா விழேக்கை சுருங்கும். கையாலை வீசாதேங்கோ. இடுப்பைத் திருப்புங்கோ, கை தானா வரும்."

"கோபம் இல்லாமல் ஏலாது."

"கோபத்தை விடச் சொல்லேல்லை. இடுப்புக்கு இறக்குங்கோ."

இதெல்லாம் அவளுக்கு எப்படித் தெரியும் என்று பலமுறை கேட்டேன். நாலைந்து மாதத்துக்குப் பிறகு ஒரு பின்னேரம், வலையில் கிடந்த பனம்பூவைப் பொறுக்கிக்கொண்டு சொன்னாள். பதினாலு வயதில் ஒருநாள் தகப்பனின் வலையை எடுத்துக்கொண்டு கரைக்குப் போய் எறிந்திருக்கிறாள். பல நாள் பார்த்துப் பார்த்து மனதுக்குள் பழகியிருந்ததால் மூன்றாவது எறிவிலேயே வட்டமாக விழுந்திருக்கிறது. தமையன் கண்டுவிட்டார். பெண் தொட்ட வலையில் மீன் படாது என்று சொல்லி, எல்லாரும் பார்க்கக் கன்னத்தில் அறைந்து, அவள் கண்முன்னே அந்த வலையை எரித்திருக்கிறார்.

"அப்பு ஒண்டும் சொல்லேல்லையோ?"

"அப்பு என்னைத்தான் ஏசினவர். ஒரு வலை எரிஞ்சு போச்செண்டு."

நான் எனக்காகப் பழகுகிறேன் என்று எண்ணியிருந்த எனக்கு அன்றுதான் விளங்கியது, அவளுடைய பழி என்னுடையதைவிடப் பத்து வயது மூத்தது.

அடுத்த பெருநாள் நெருங்கியபோது நான் வட்டத்தின் விளிம்பை அனேகமாகத் தவறாமல் தொட்டேன். பெருநாளுக்கு மறுநாள் ஆண்கள் எல்லாரும் கரையில் வலை எறிந்து மத்தியானக் கறிக்கு மீன் பிடிப்பது வழக்கம். தேத்தண்ணிக் கடையில் வைத்து அவரிடம் சொன்னேன், "அத்தான், இந்தமுறை நீங்களும் நானும் ஒரே இடத்திலை நிண்டு எறிவம்." கடையே சிரித்தது. அவர் என் தோளில் தட்டினார். "வாரும் மச்சான். பார்சல் கட்டக் கயிறும் கொண்டு வாரும்."

அந்தக் கிழமை அவருடைய வலை பொத்துவதற்காக எங்கள் வீட்டுக்கு வந்தது. ஒரு பக்கம் இரண்டு முழத்துக்குக் கிழிசல். அதைப் பார்த்ததும் எனக்குள் ஒரு பேய் எழும்பியது.

"இஞ்சாரும், ரெண்டு குண்டின்ரை முடிச்சை இளக்கி விடும். எறியேக்கை கழண்டு போகட்டும்."

அவள் ஊசியை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது.

"வலை பிழைச்சுத் தோத்தா அவருக்கு அது ஒரு சாட்டாப் போகும். நல்ல வலையோட தோக்கவேணும். ஒரு சாட்டும் இருக்கக் கூடாது."

பழைய ஈயக்குண்டுகளைக்கூடக் கழற்றிவிட்டுப் புதியவை கோத்தாள். அந்த வலை அவ்வளவு நேர்த்தியாக ஒருபோதும் இருந்ததில்லை.

அன்று காலை திரளி மீன் கரையோரமாகக் கூட்டமாய் நின்றது. அவர் முதலில் எறிந்தார். குற்றம் சொல்ல முடியாத எறிவு. ஒன்பது திரளி. பிறகு நான் இறங்கினேன். யாரோ ஒருவன் பின்னாலிருந்து, "பொட்டளி!" என்று கூப்பிட்டான். கோபம் தலைக்கு ஏறியது. ஏறியதை இறக்கினேன். இடுப்பைத் திருப்பினேன், பல்லை விட்டேன். வலை என் முன்னால் முழு வட்டமாக விரிந்து, ஒரே சத்தத்தோடு தண்ணீரைத் தொட்டது. இழுத்தபோது கனத்தது. பன்னிரண்டு.

அவர்தான் முதலில் வாய் திறந்தார்.

"கூட்டம் உம்மட பக்கம் திரும்பினதாலை பட்டுது. சரி, எறிவு பிழையில்லை. ஆர் பழக்கினது?"

இந்தக் கேள்விக்காகத்தான் ஒரு வருடம் காத்திருந்தேன் என்று அந்த நொடியில்தான் தெரிந்தது.

"உங்கட தங்கச்சி," என்றேன், எல்லாருக்கும் கேட்க.

"அவளோ? அவளுக்கு என்ன தெரியும்?"

பெண்கள் கூடையோடு நின்ற பக்கத்திலிருந்து என் மனைவி நடந்து வந்தாள். சேலையைக் கணுக்காலுக்குமேல் தூக்கிச் செருகிக்கொண்டாள். என் வலைக்குக் கை நீட்டவில்லை. தமையனின் கையில் இருந்த வலையை வாங்கினாள். திகைப்பில் அவரும் கொடுத்துவிட்டார். தண்ணீரில் இறங்கி, பிரித்து, கடித்து, ஒரே திருப்பில் எறிந்தாள். என்னுடையதைவிட அகலமாக, என்னுடையதைவிட மெல்லிய சத்தத்தோடு விழுந்தது. உண்மையைச் சொன்னால் எனக்கும் சுருக்கென்றது. என் வெற்றி அரை நிமிடம்கூட இருக்கவில்லை.

இழுத்தெடுத்து மீனோடு வலையை அவர் காலடியில் போட்டாள்.

"அண்ணை, நான் தொட்ட வலை. மீன் பட்டிருக்கு, எண்ணிப் பாருங்கோ. இனி எரிக்கிறதெண்டா எரியுங்கோ."

அவர் எண்ணவில்லை. எரிக்கவும் இல்லை. வலையை அங்கேயே விட்டுவிட்டு வீட்டுக்குப் போனார். ஒன்றரை வருடம் எங்கள் படலையைத் திறக்கவில்லை. வலை கிழிந்தால் தன் மனைவியிடம் கொடுத்து அனுப்புவார். என் மனைவி எப்போதும்போலப் பொத்திக் கொடுப்பாள்.

துவாயைக் கடிக்கும் கூத்து அதோடு நின்றது. ஆனால் தேத்தண்ணிக் கடையில் அவர் ஒரு கதை சொல்லித் திரிவதாகக் கேள்விப்பட்டேன். அன்றைக்குக் காற்று தங்கைக்குப் பின்னால் இருந்து அடித்ததாம், எதிர்க்காற்றில் அவளால் எறிய ஏலாதாம். இதை மனைவியிடம் சொன்னேன். அடுத்த சனிக்கிழமை பின்னேரம் வலையை எடுத்துக்கொண்டு, "வாங்கோ," என்றாள்.

அவர் வீட்டுக்கு நேர் முன்னால் உள்ள கரைக்குப் போனோம். சோளகக் காற்று நேரே முகத்தில் அடித்தது. அந்தக் காற்றுக்குள் அவள் எறிந்தாள், பிறகு நான் எறிந்தேன், பிறகு மறுபடி அவள். மீன் படவில்லை. அதற்காக நாங்கள் போகவும் இல்லை. ஐந்தாவது எறிவில் அவர் வீட்டு யன்னல் படாரென்று சாத்தப்பட்டது. சோளகம் ஓயும்வரை ஒரு சனிக்கிழமையும் தவறாமல் அங்கேதான் போய் எறிந்தோம்.