நான் நடித்த நோயாளி

நோயாளியாக நடிக்க ஓர் ஆள் வேண்டும் என்று டாக்டர் மேடம் கேட்டபோது முதலில் கையைத் தூக்கியவள் நான்தான்.

மேடம் நடத்தும் எங்கள் மனநல நிறுவனத்தின் பயிற்சிப் பிரிவு அப்போதுதான் தி.நகரில் தொடங்கியிருந்தது. நான் சேர்ந்த புதிதில் நிறுவனம் என்பதே மயிலாப்பூரில் ஒரு பாத்திரக் கடைக்கு மேலே இரண்டு அறைகள். வருகிறவர்கள் குடம் வாங்க வந்தவர்கள்போல் கீழே கொஞ்ச நேரம் நிற்பார்கள். தெரிந்த முகம் எதுவும் இல்லையென்றால்தான் படியேறுவார்கள். பிறகு அடையாறில் குழந்தைகளுக்கும் குடும்பங்களுக்குமான கிளை வந்தது. வேளச்சேரிப் பக்கத்து ஐ.டி. கம்பெனிகளுக்கு ஆலோசகர்களை அனுப்பத் தொடங்கினோம். குடியை விட நினைப்பவர்களுக்குத் தனிப் பிரிவு. ஒவ்வொன்றிலும் நாற்காலி வாங்கியதிலிருந்து ஆள் எடுத்தது வரை என் கை பட்டிருக்கிறது. வரவேற்பு மேசையில் சேர்ந்து, வேலை பார்த்துக்கொண்டே உளவியலில் முதுகலை முடித்து, எல்லாக் கிளைகளுக்கும் ஒருங்கிணைப்பாளர் ஆனேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிப்படிப்பை முடித்த முதல் ஆளும் நானே. இதைச் சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சம் இருந்ததே இல்லை.

ஆலோசகராகப் படிக்க வருகிறவர்கள் நிஜமான நோயாளியிடம் பேசுவதற்கு முன்னால் நடிக்கிற நோயாளியிடம் பேசிப் பழக வேண்டும். அதற்கு எழுதிவைத்த வசனம் கிடையாது.

"புத்தகத்துல இருக்கற ஆளா வராதே. உனக்குத் தெரிஞ்ச யாரோ மாதிரி வா" என்றார் மேடம்.

எனக்கு நன்றாகத் தெரிந்தவள் அம்மா. வீட்டில் நாங்கள் இருவர் மட்டும்தான். ராஜா அண்ணாமலைபுரத்து அடுக்குமாடி வீடுகளில் பாத்திரம் தேய்த்து, வீடு துடைத்து என்னைப் படிக்கவைத்தவள். அவள் முந்தானையை இழுத்துச் செருகுகிற விதமும் பேச்சும் எனக்கு அத்துப்படி. தூக்கம் வரவில்லை என்று வந்த ஒரு வீட்டுவேலைக்காரம்மா, அவ்வளவுதான் என் யோசனை.

எதிரே உட்கார்ந்தவர் ஐ.டி. வேலையை விட்டுவிட்டுப் படிக்க வந்திருந்த இளைஞர்.

"சொல்லுங்கக்கா, என்ன பிரச்சினை?"

"தூக்கம் வர்ல நைனா."

வகுப்பு சிரித்தது.

"ஏன் வரலை?"

"கேஸ மூடுனனா இல்லியான்னு தோணிக்கினே கீது. எந்திரிச்சிப் போய்ப் பாப்பேன். மூடித்தான் கீது. வந்து படுத்தா மறுபடியும் அதே நெனப்பு."

"எத்தனை தடவை எழுந்திருப்பீங்க?"

"அத்தையெல்லாம் எண்ணிக்கினா இருப்பாங்க? எம்பொண்ணு கத்துற வரைக்கும்."

"அக்கா, நீங்க சீரியலுக்குப் போயிடுங்க!" என்று பின் வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது.

எனக்கு உற்சாகமாகிவிட்டது. காலையில் வீட்டைப் பூட்டிவிட்டு பஸ் ஸ்டாப்வரை போய், திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பதைச் சொன்னேன். வேலைசெய்கிற வீடுகளில் ஒவ்வொரு குழாயையும் திருகித் திருகிப் பார்ப்பதைச் சொன்னேன். "ஊருக்குப் போனா சாவியே எங்கிட்டத்தான் குடுப்பாங்க. நான் பூட்டுனா பூட்டுனதுதான்னு சொல்வாங்க" என்று அம்மா மாதிரியே பெருமையாகத் தலையை ஆட்டினேன்.

அந்த இளைஞர் சிரிப்பதை நிறுத்தியிருந்தார். "ஒரு நாள் பூட்டை இழுத்துப் பாக்காமலே போயிட்டா என்ன ஆகும்க்கா?"

அம்மா அதைச் சொன்னதில்லை. நானும் ஒருநாளும் கேட்டதில்லை.

நடிப்பை அங்கேயே முடித்துக்கொண்டோம். முன் வரிசைப் பெண் டாக்டர் மேடத்திடம் சாதாரணமாகச் சொன்னாள்: "ஓ.சி.டி.தானே மேடம்? சந்தேகமே இல்லை." எல்லோரும் தலையாட்டினார்கள்.

"ஆமாம். ரொம்ப வருஷமா இருக்கு" என்றார் மேடம். "வீட்டுல ஒருத்தரும் கவனிக்கலை பாருங்க. பொண்ணு ஒருத்தி கூடவே இருக்கா, அவளும் கவனிக்கலை."

அந்த மகள் என் கற்பனை என்று நினைத்து அவர் சொன்னார். ஓ.சி.டி. என்றால் இதுதான்: ஒரு நினைப்பு அட்டைபோல் ஒட்டிக்கொண்டு விடாது. அதை அடக்க ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்தாக வேண்டும். தேர்வில் இந்த நோயைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதி நல்ல மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். எங்கள் வீட்டில் அதற்குப் பொறுப்பு என்று பெயர்.

அன்று மாலை வீட்டுக்குப் போனதும் பையைக்கூடக் கீழே வைக்காமல் அம்மாவிடம் கேட்டேன்.

"பூட்ட இழுத்துப் பாக்காம போனா இன்னாம்மா ஆகும்?"

"இன்னாடி கேள்வி இது?"

"சொல்லும்மா."

அம்மா அடுப்பை அணைத்தாள். குனிந்து குமிழைப் பார்த்தாள். "உனக்கு ஏதாச்சும் ஆயிடும்."

"எனக்கா?"

"நீ பத்தாவது பரீட்ச எழுதப் போன அன்னிக்கி அப்டி ஒரு நெனப்பு வந்துச்சி. ஓடியாந்து பூட்ட இழுத்துப் பாத்தேன். நீ பாஸாயிட்ட. அப்பால எப்டி வுட முடியும்? காலேஜு, வேல, உங்க ஆபீசு, எல்லாம் நல்லாத்தான போய்க்கினு கீது?" குரலைத் தாழ்த்தினாள். "உங்கையில சொல்லியே இருக்கக்கூடாது. சொன்னா பலிக்காது."

தரையில் உட்கார்ந்துவிட்டேன். என் மதிப்பெண்கள், பட்டம், நான் நாற்காலி வாங்கிப்போட்ட கிளைகள் எல்லாமே இத்தனை வருடமாக அம்மாவின் கணக்கில் அந்தப் பூட்டில் தொங்கிக்கொண்டிருந்திருக்கின்றன.

"நான் படிச்சேம்மா" என்றேன். கோபமாகத்தான் வந்தது.

"படிச்ச. யார் இல்லேன்னா?" என்று சொல்லிவிட்டு மறுபடியும் குமிழைப் பார்த்தாள்.

அடுத்த வாரம் மேடம் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். இணையவழி வகுப்பு தொடங்கப் போவதாகவும், அதைக் கல்லூரிகளுக்கு விற்கலாம் என்றும் சொன்னார். "முதல் பாடமே நீ நடிச்சதுதான். வீடியோவா எடுத்துடலாம்."

"அது வேண்டாம் மேடம்."

"ஏன்? இருக்கறதுலயே அந்தம்மாதான் நல்ல கேஸ்."

"அது எங்கம்மா."

மேடம் பேனாவை மூடினார், திறந்தார், மறுபடி மூடினார். "ஊரை மாத்திடலாம், வேலையை மாத்திடலாம். யாருக்குத் தெரியப் போகுது?"

பாத்திரக் கடை வாசலில் பயந்துகொண்டே நின்றவர்களைப் படியேற்றி, 'இங்கே சொல்வது இந்த அறையைத் தாண்டாது' என்று சொல்லித்தான் நாங்கள் இவ்வளவு வளர்ந்தோம். அந்த வாக்கியத்தை எனக்குச் சொல்லிக்கொடுத்தவரே மேடம்தான். அவரை நம்ப முடியாமல் பார்த்தேன்.

"எங்கம்மாவுக்கு வைத்தியம் பாருங்க மேடம். வீடியோல நான் இருக்க மாட்டேன்."

அவர் முகம் மாறியது. பேனாவைக் கீழே வைத்தார். "கூட்டிட்டு வா. நானே பாக்கறேன்" என்றார்.

அம்மா லேசில் சம்மதிக்கவில்லை. "பைத்தியக்காரி பொண்ணுன்னு உன்ன பேசுவாங்க. அத்த வுடு, எனக்கு இது நின்னுபோச்சின்னா உன்ன யார் காப்பாத்துவா?" என்றாள். நான் படித்த எதுவும் அவளிடம் எடுபடவில்லை. கடைசியில் உள்ளதைச் சொன்னேன்: "நீ எந்திரிக்கறப்பல்லாம் நானும் முழிச்சிக்கறேம்மா. கத்திட்டுப் படுத்தாலும் அப்புறம் தூக்கம் வர்றதில்ல. நான் தூங்கி ரொம்ப நாளாச்சு."

அம்மா பதறிப்போனாள். "அத்த ஏன்டி முன்னாடியே சொல்லல?"

மயிலாப்பூர் வேண்டாம், அங்கே தெரிந்தவர்கள் இருப்பார்கள் என்றாள். அடையாறுக்கு என்றால் வருவாள். அதுவும் தனியாக, வேலை கேட்டு வருகிறவள் மாதிரி.

சொன்னபடியே வந்தாள். நான் மாடியிலிருந்து இறங்கி வரும்போது, புதிதாகச் சேர்ந்திருந்த வரவேற்பாளர் அவள் புடவையையும் கையிலிருந்த ஒயர்கூடையையும் பார்த்துவிட்டு, "ஹவுஸ்கீப்பிங் வேலைக்கா? பின்பக்கமா வாங்கம்மா" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அம்மாவும் நிம்மதியாகப் பின்பக்கம் திரும்பினாள்.

அந்தப் பெண்ணை வேலைக்கு எடுத்தவள் நான். ஓடிப்போய் அம்மாவின் கையைப் பிடித்தேன். பிறகு, காத்திருந்தவர்கள் எல்லோருக்கும் கேட்கும்படியே சொன்னேன்: "இவங்க எங்கம்மா. டாக்டரைப் பாக்க வந்திருக்காங்க."

"கத்தாதடி, மானம் போவுது" என்று அம்மா என் கையைக் கிள்ளினாள். ஆனால் முன்பக்கமாகவே நடந்து வந்தாள்.

மேடம் எழுந்து வந்து அவளை உள்ளே அழைத்துக்கொண்டார். கதவு மூடியது. வெளியே நின்றிருந்தேன். உள்ளேயிருந்து கைப்பிடி அசைந்தது. கொஞ்சம் பொறுத்து மறுபடி அசைந்தது. மேடம் அவசரப்படுத்தவில்லை. மூன்றாவது முறை அசைந்து நின்றபின், அம்மாவின் குரல் கேட்டது.

"எங்க குந்தறது?"

நான் கதவைவிட்டு நகர்ந்து மாடிக்குப் போனேன். அவள் உள்ளே சொல்லப்போவதைக் கேட்க எனக்கு உரிமை இல்லை.